ஆண்டுக்கு ஒருமுறை டாக்டரிடம் கொண்டுபோங்கள். மூன்று மாதச் சான்றிதழை ஏற்காதீர்கள்

வளர்ப்புப் பூனைகளின் மருத்துவப் பரிசோதனை குறித்து நம் பூனை வளர்ப்போர் சங்கச் செயற்குழுவின் நிலைப்பாடு



சென்னை அடுக்குமாடி ஒன்றின் குடியிருப்போர் அசோசியேஷன் அனுப்பிய சுற்றறிக்கை விவகாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முழுக்கதையையும் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்த அசோசியேஷனின் பெயரை எழுத வேண்டாம் என்று செயற்குழுவில் பெரும்பாலோர் கருதியதால் எழுதவில்லை. பூனை இருக்கும் ஒவ்வொரு வீடும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்றிதழ் வாங்கி அசோசியேஷன் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் மெயின்டனன்ஸ் கட்டணத்தோடு அபராதமும் சேரும் என்பது அதன் சாரம். அதே வாசகம், எழுத்துப்பிழைகூட மாறாமல், சென்னையின் வேறு சில அடுக்குமாடிகளிலும் இப்போது நோட்டீஸ் போர்டில் ஏறியிருக்கிறது.

இதை நம் உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எதிர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிக்கடி காட்டுவது நல்லதுதானே, அசோசியேஷன் சொன்னால் என்ன, டாக்டர் சொன்னால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. வாசற்படி தாண்டாத பூனைக்கு டாக்டரே எதற்கு, எங்கள் வீட்டுப் பூனை ஊசியே பார்க்காமல் பதினான்கு வயது வாழ்ந்தது என்று பேசியவர்களும் உண்டு.  இரு தரப்புக்கும் சேர்த்தே இந்த அறிக்கை.

நிலைப்பாடு, சுருக்கமாக

1. குட்டிகளை ஆறு முதல் எட்டு வார வயதில் முதன்முறையாக மருத்துவரிடம் காட்ட வேண்டும். பதினாறு வாரம் நிறையும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறாம் மாதத்தில் ஒருமுறையும் காட்ட வேண்டும்.

2. ஒரு வயது முதல் பத்து வயதுவரை, நோய் எதுவும் தெரியாத பூனையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

3. பத்து வயதைத் தாண்டிய பூனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

4. சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, இதயநோய் போன்ற நாட்பட்ட நோயுள்ள பூனை எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதைச் சிகிச்சை பார்க்கும் மருத்துவர் தீர்மானிப்பார்.

5. இந்தக் கால அட்டவணையில் கைவைக்கும் தகுதி எந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கும் இல்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் உறுப்பினர் நிபந்தனையாகவே ஆக்க வேண்டும் என்ற யோசனை செயற்குழுவில் வந்தது. வசதி, தூரம், தெருப்பூனைகளைச் சேர்த்துப் பராமரிப்போரின் சுமை ஆகியவற்றைக் கருதி, இப்போதைக்குப் பரிந்துரையாக வைத்திருக்கிறோம்.

இந்த இடைவெளிகள் நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கணித்தவை அல்ல. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கமும் அங்குள்ள பூனை மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட வயதுவாரி வழிகாட்டியோடு ஒத்துப்போகிறவை. அமெரிக்காக்காரன் எழுதியது நமக்கு எதற்கு என்று ஒரு உறுப்பினர் கேட்டார். பூனையின் சிறுநீரகம் மயிலாப்பூரில் ஒரு விதமாகவும் அமெரிக்காவில் வேறு விதமாகவும் கெடுவதில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு: இங்கே வெறிநோய் இன்னும் தெருவில் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே.

ஊசி வேறு, பரிசோதனை வேறு

ஊசி போட்டாச்சா, போட்டாச்சு, அப்புறம் டாக்டரிடம் என்ன வேலை? நம்மில் பலருடைய கணக்கு இதோடு முடிகிறது. உலகச் சிறுபிராணி மருத்துவச் சங்கம் 2024இல் புதுப்பித்த தடுப்பூசி வழிகாட்டி, வீட்டுக்குள்ளேயே இருக்கும், ஆபத்து குறைந்த பூனைக்குப் பான்லூகோபீனியா, ஹெர்ப்பிஸ், கேலிசி ஆகிய மூன்றுக்குமான கூட்டு ஊசியை, குட்டிப்பருவத் தொடரும் ஆறு மாத ஊசியும் முடிந்தபின், மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை என்கிறது. ட்ரைகேட் என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஊசி இதுதான். பூனையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள், வெளியே சுற்றும் பூனை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்குக் கணக்கு வேறு. அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்த சிலர், அப்படியானால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போனால் போதும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஊசிக்கு இடைவெளி விடலாம் என்று சொல்லும் அதே வழிகாட்டிதான் ஆண்டுப் பரிசோதனையை விடக்கூடாது என்றும் சொல்கிறது. பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிட வேண்டாம்.

வெறிநோய்த் தடுப்பூசியில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வார வயதுக்குப் பின் முதல் ஊசி, அதன்பின் மருந்தின் அட்டையில் கண்டபடி, நம் ஊர் வழக்கத்தில் ஆண்டுதோறும். மாடியிலிருந்து இறங்காத பூனைக்கும் இது பொருந்தும். தெருநாயும் தெருப்பூனையும் படியேறி வரும்.

தொட்டுப் பார்க்காத சான்றிதழ்

செயற்குழு மிக அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். மற்றவற்றில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, இதில் இல்லை.

சுற்றறிக்கை வந்த சில வாரங்களுக்குள், அதற்கு இணங்கிய வீடுகளிலிருந்து சான்றிதழ் நகல்கள் எங்கள் பார்வைக்கு வந்தன. ஒரே அச்சுப் படிவம். பெயர், நிறம், இனம், “ஆரோக்கியமாக உள்ளது”, கையெழுத்து, முத்திரை. எடை என்ற கட்டம் எல்லாவற்றிலும் காலி. உடல் வெப்பம் என்ற கட்டமும் காலி. ஒன்றில், குட்டி போட்டு ஓராண்டுகூட ஆகாத பெண்பூனை ஆண் என்று பதிவாகியிருக்கிறது. விசாரித்தால், வாட்ஸப்பில் படம் அனுப்பினோம், பணம் அனுப்பினோம், மறுநாள் தாள் வந்துவிட்டது என்கிறார்கள். பூனை சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

இதுதான் மூன்று மாதக் கட்டாயத்தின் பலன். வாட்ச்மேனிடம் நீட்டத் தாள் கிடைத்துவிட்டது, பூனையின் வயிற்றை யாரும் தொடவில்லை. அந்தத் தாளை நம்பி வீட்டுக்காரர் அடுத்த மூன்று மாதம் நிம்மதியாக இருக்கிறார் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. சான்றிதழே இல்லாதிருந்தால் ஒருவேளை சந்தேகமாவது வந்திருக்கும். பூனையைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர் பதிவுபெற்ற மருத்துவராக இருந்தால் அது தொழிலுக்குச் செய்யும் துரோகம். பதிவு இல்லாதவராக இருந்தால், 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்படி மருத்துவம் பார்க்கவே அவருக்கு உரிமையில்லை. “துரோகம்” என்ற சொல்லை மென்மையாக்கலாமா என்று விவாதித்தோம். அப்படியே விட்டுவிட்டோம்.

பரிசோதனை என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இந்தத் தாளின் வெறுமை புரியும். முதலில் தராசு. நான்கு கிலோ பூனை நானூறு கிராம் இளைத்தால், அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். மனிதர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரே கேட்டுவிடுவார். பெர்சியன் பூனையின் ரோமத்துக்குள் அந்த நானூறு கிராம் யார் கண்ணுக்கும் படாது. போன வருட எடையும் இந்த வருட எடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வேறெதுவும் சொல்லாததை அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும். அதனால்தான் எடைக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தவுடன் எங்களுக்குக் கோபம் வந்தது.

அடுத்து வாய். மருத்துவர் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி, கடைவாய்ப் பல்லின் ஈறைப் பார்ப்பார். அங்கே செக்கச்சிவந்த ஒரு கோடு ஓடினால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். பல் வேரோடு அரித்துப்போய்க்கொண்டிருக்கும், பூனை ஒரு பக்கமாக மென்று தின்றுகொண்டேயிருக்கும். பிறகு வயிறு. இரண்டு கைக்கும் நடுவே வயிற்றை மெல்ல அழுத்தி ஒவ்வொரு சிறுநீரகத்தையும் தடவிப் பார்ப்பார். சுருங்கிக் கல்போல இருக்கிறதா, வீங்கி மேடுபள்ளமாக இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். பெர்சியன் வளர்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் அந்த இனத்தில் அதிகம். மரபணுச் சோதனையிலோ ஸ்கேனிலோ இளவயதிலேயே அதைக் கண்டுபிடிக்கலாம். பிறகு நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப். பூனைகளுக்கு அதிகம் வரும் இதயநோய், இதயத் தசை தடித்துப்போவது. பல பூனைகளில் மூச்சு வாங்கும்வரை வெளியே எதுவும் தெரியாது.

வயதான பூனைக்கு இதோடு ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். சிறுநீரக வேலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிறது, லிட்டர் ட்ரேயில் மணல் கட்டிகள் பெரிதாக விழுகின்றன என்று வீட்டுக்காரர் கவனித்துச் சொன்னால், சிறுநீரைச் சோதித்து அதற்கு முன்பே பிடிக்க வழியுண்டு. ரத்த அழுத்தம் கட்டுக்கு மீறி ஏறினால் விழித்திரை பிய்ந்து, ராத்திரி நன்றாக இருந்த பூனை காலையில் சுவரில் முட்டும். அப்போது ஓடி வருவதால் பெரும்பாலும் பார்வை திரும்புவதில்லை.

எங்கள் பூனை டாக்டரையே பார்க்காமல் பதினான்கு வருடம் இருந்தது என்பவர்களிடம் ஒன்றைக் கேட்கிறோம். கடைசி இரண்டு வருடம் அது பரண்மேல் தாவியதா? முதுகை நக்கிச் சுத்தம் செய்துகொண்டதா? வயசாகிவிட்டது என்று நீங்கள் சொன்னது, மூட்டுவலியாகவும் பல்வலியாகவும் இருந்திருக்கலாம். பூனை வலியைக் காட்டாது. காட்டவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது.

அடிக்கடி என்றால் என்ன கெடுதல்?

நோயில்லாத பூனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு போவதால் எந்தத் தீங்கும் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆட்டோ இரைச்சல், காத்திருக்கும் இடத்தில் குரைக்கும் நாய்கள், தெரியாத கைகள் எல்லாம் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எகிறும். அளவுகள் நம்ப முடியாதவையாகும். சில தடவை போய்வந்ததும் பூனை கேரியரைக் கண்டாலே பீரோவுக்கு அடியில் போய்விடும். உண்மையில் நோய் வரும் நாளில் அதைப் பிடிக்க முடியாது. தடுப்பூசித் தொடர் முடியாத குட்டிகளுக்குக் கூட்டமான மருத்துவமனை இன்னும் ஆபத்து. பான்லூகோபீனியா கிருமி தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. ஐந்து தெருப்பூனைகளை எடுத்து வளர்க்கும் ஒரு வீட்டுக்கு இந்தச் சுற்றறிக்கையின்படி ஆண்டுக்கு இருபது சான்றிதழ் ஆகிறது. அந்தச் செலவையும் அபராதத்தையும் தாங்க முடியாத வீட்டில் என்ன நடக்கும் என்று சுற்றறிக்கை எழுதியவர்களுக்குத் தெரியாதா? சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருவது நம் ஊரில் புதிதல்ல. ஒரு பூனை அப்படி விடப்பட்டாலும் அந்தப் பாவம் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் சேரும்.

அட்டவணைக்குக் காத்திருக்கக் கூடாதவை

போன மாதம்தானே காட்டினோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பேச்சு கீழ்க்கண்டவற்றில் செல்லாது. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், கொண்டுபோக வேண்டும்.

ஆண்பூனை லிட்டர் ட்ரேக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, சொட்டு மட்டும் வருகிறது அல்லது ஒன்றும் வரவில்லை. இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் போகும், சிலசமயம் அதற்கும் முன்பே.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொண்டு சில்லிட்டுப்போயின. மாடியிலிருந்து விழுந்தது, விழுந்தபின் நன்றாக நடந்தாலும் சரி. குட்டி வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடக்கிறது. வளர்ந்த பூனை ஒரு முழுநாள் எதுவும் தின்னவில்லை. குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

மனிதர் மாத்திரை தின்றுவிட்டது, அல்லது வீட்டில் யாராவது கொடுத்துவிட்டார்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை கொல்லப் போதும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். சீக்கிரம் கொண்டுவந்தால் மாற்று மருந்து உண்டு. காய்ச்சலாக இருந்தால் கால் மாத்திரை உடைத்துக் கொடுங்கள் என்று சொல்லும் மருந்துக்கடை யோசனையை நம் உறுப்பினர் வீடுகளிலேயே இன்னும் கேட்கிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள். நாய் உண்ணிக்கு முதுகில் ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம்தான்.

மற்றவை

கட்டணம்: தனியார் கட்டணம் தாங்காதவர்கள் அரசுக் கால்நடை மருத்துவமனைகளையும், 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வரும் மருத்துவர்: பயந்த பூனைகளுக்கு ஏற்றது. தராசு கொண்டுவருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கருத்தடை: ஐந்து மாதத்துக்குள் செய்யலாம் என்பது இன்றைய மருத்துவர் கருத்து. முதல் ஈற்று ஆகட்டும் என்று காத்திருப்பதை நாம் ஆதரிக்கவில்லை.

கேரியர்: எப்போதும் கூடத்திலேயே, கதவு திறந்து, பழைய துணி விரித்துக் கிடக்கட்டும். மயக்க மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும்.

சட்டம் பற்றி

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டம், மூன்றாம் பிரிவில், பிராணியின் நலனைக் காக்கும் கடமையை அதை வைத்திருப்பவர்மேல் சுமத்துகிறது. அசோசியேஷன் செயலாளர்மேல் சுமத்தவில்லை. இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல்கள் நாய்களை முன்வைத்து எழுதப்பட்டவைதான். ஆனாலும் வளர்ப்புப் பிராணியைப் பெரும்பான்மை வாக்கால் தடைசெய்ய முடியாது என்ற அவற்றின் அடிப்படை பூனைக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. சுற்றிவளைத்து அபராதத்தால் துரத்துவதும் தடைதான்.

அதே சமயம், அசோசியேஷன் கேட்பதில் நியாயமானது எதுவுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்றின் நகலை ஆண்டுக்கு ஒருமுறை கேட்பது அக்கம்பக்கத்தார் உரிமை. கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். கேட்பதற்கு முன்பே கொடுத்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் பூனையின் ரத்தப் பரிசோதனை முடிவோ, சிகிச்சை விவரமோ, மூன்று மாதச் சான்றிதழோ கேட்க அவர்களுக்கு உரிமை இருப்பதாகச் செயற்குழு கருதவில்லை.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியது

இந்த ஆண்டு இன்னும் பரிசோதனைக்குப் போகாத பூனையாக இருந்தால், இந்த மாதமே நேரம் வாங்குங்கள். மருத்துவர் எழுதும் சீட்டில் எடையைக் குறிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் மாதம் ஒருமுறை, நீங்கள் பூனையோடும் பூனை இல்லாமலும் தராசில் ஏறி, வித்தியாசத்தைக் காலண்டரில் எழுதிவையுங்கள். படம் அனுப்பிச் சான்றிதழ் வாங்காதீர்கள். வாங்கியவர்கள் அதைக் கிழித்துப்போட்டுவிட்டுப் பூனையை நேரில் காட்டுங்கள்.

அபராத நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட வேண்டாம், நகலைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பதில் எழுத வேண்டியது எங்கள் பொறுப்பு, பூனையை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியது உங்கள் பொறுப்பு.